கார்ட்டிசால் அழற்சியை அடக்கும் என்றால், கவலையில் இருப்பவருக்கு மூட்டு ஏன் வீங்குகிறது?

மாலைவகுப்பு, ரங்கூன்:

வணக்கம். வரும் ஞாயிறு கோயில் மண்டபத்தில் மன அழுத்தமும் நோயும் பற்றி ஒரு மணிநேரப் பேச்சு. குறிப்பு எழுதும்போது ஒரு முடிச்சு அவிழ மாட்டேன் என்கிறது.

மன அழுத்தத்தில் அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோனான கார்ட்டிசால் கூடும். கார்ட்டிசால் அழற்சியை அடக்கும். இது பாடப்புத்தகம். அப்படியானால் மாசக்கணக்கில் கவலையில் உழல்பவருக்கு அழற்சி குறையத்தானே வேண்டும்? நடப்பதோ தலைகீழ். முடக்குவாதம் கிளம்புகிறது, தோலில் கரப்பான் அரிக்கிறது, ஆஸ்துமா இழுக்கிறது. அதே ஆளுக்கு அடிக்கடி சளியும் பிடிக்கிறது. எதிர்ப்புச் சக்தி கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா?

கூடவே இரண்டு சந்தேகம். மூளைக்கும் எதிர்ப்புச் சக்திக்கும் ஹார்மோன் வழியாக மட்டும்தான் தொடர்பா, இல்லை நரம்பே நேராகப் போய்ச் சேருகிறதா? அக்கி, வயிற்றுப்புண், டி.பி. இந்த மூன்றையும் "கவலையால் வந்தது" என்று நம்மவர்கள் சொல்வதில் எவ்வளவு நிஜம்?

"கவலைப்படாதீங்க" என்று சொல்லிப் பேச்சை முடிக்க விருப்பமில்லை. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத ஊரில் அது கிண்டல் மாதிரி ஆகிவிடும்.

உடலியங்கியல், மாண்டலே:

எதிர்ப்புச் சக்தியைத் தொட்டித் தண்ணீர் மாதிரி ஏறும், இறங்கும் என்று எண்ணுவதால் விழுந்த முடிச்சு இது. அது பல படைகள் கொண்ட ஏற்பாடு. ஒரு படை முன்னேறும்போது இன்னொன்று பின்வாங்கும்.

முதலில் குறுகிய பதற்றம், நிமிடக் கணக்கில். நாய் துரத்துகிறது என்று வையுங்கள். அட்ரினலின் பாய்ந்ததும் இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக் கிடக்கும் வெள்ளணுக்கள் பிரிந்து ஓட்டத்தில் கலக்கும். இயற்கைக் கொல்லி அணுக்கள் என்ற வெள்ளணு வகை சில நிமிடத்திலேயே பெருகித் தெரியும். பிறகு கார்ட்டிசால் ஏறும்போது அவற்றில் பல இரத்தத்தை விட்டுத் தோலுக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் போய் நிற்கும். நாய் கடித்தால் புண் அங்கேதானே? இது பலவீனம் இல்லை, காவல் மாற்றம். செகர்ஸ்ட்ராம், மில்லர் இருவரும் ஏறக்குறைய 300 ஆய்வுகளைச் சேர்த்து 2004-ல் பார்த்தபோதும் இதே படம்தான் வந்தது. நிமிடக் கணக்கு அழுத்தத்தில் உடனடிப் பாதுகாப்பு கூடுகிறது. மாசம், வருஷம் என்று நீளும்போது வெள்ளணுக்கள் நேராக இறங்கிக் காக்கும் பாதுகாப்பு, கிருமியை ஒட்டிப் பிடிக்கும் ஆன்டிபாடி இரண்டுமே தளர்கின்றன.

இப்போது உங்கள் முடிச்சு. கார்ட்டிசால் இரத்தத்தில் இருந்தால் மட்டும் போதாது. வெள்ளணுவுக்குள் இருக்கும் ஏற்பியில் அமர்ந்து, அணுவின் உட்கருவுக்குள் போய், அழற்சி மரபணுக்களின் வாயை மூட வேண்டும். அது ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்தால் அணு காது கொடுப்பதை நிறுத்திவிடும். தினமும் கத்தும் வாத்தியார் சொல்லைப் பிள்ளைகள் கேட்பதில்லை, அதே கதை. ஷெல்டன் கோஹன் குழு 2012-ல் 276 பேரின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டுவிட்டுப் பார்த்தது. நெடுநாள் அழுத்தத்தில் இருந்தவர்களின் வெள்ளணுக்கள் கார்ட்டிசாலுக்குச் செவிசாய்ப்பது குறைந்திருந்தது. அப்படிச் செவிசாய்க்காதவர்களுக்கே சளி அதிகம் பிடித்தது. சளியில் நமக்குத் தெரியும் மூக்கொழுகல், அடைப்பு, தொண்டை வலி எல்லாம் பெரும்பாலும் வைரஸின் வேலை அல்ல, நம் அழற்சியின் வேலை. ஆகவே "அடிக்கடி சளி", "மூட்டு வீக்கம்" இரண்டுக்கும் ஒரே வேர்: நிறுத்து என்று சொன்னால் நிற்காத அழற்சி.

இன்னொரு வாசலும் உண்டு. பதற்றத்தில் உடம்பை முடுக்கிவிடும் பரிவு நரம்புகள் எலும்பு மஜ்ஜைக்குள்ளும் போகின்றன. எலிகளைத் திரும்பத் திரும்ப மிரட்டினால் அந்த நரம்புகளின் தூண்டுதலில் மஜ்ஜை மோனோசைட் என்ற வெள்ளணுக்களை முதிரும் முன்பே அவசரமாக வெளியே அனுப்புகிறது. இவை அழற்சிக்குத் துடிப்பானவை, கார்ட்டிசாலுக்கு அடங்காதவை. மனிதரில், நெடுநாள் அழுத்தத்திலும் தனிமையிலும் இருப்பவர்களின் வெள்ளணுக்களில் அழற்சி மரபணுக்கள் ஏறி, வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் மரபணுக்கள் இறங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா என்று கேட்டால் பதில் இதுதான்: அழற்சி கூடியது, வைரஸ் காவல் குறைந்தது, ஒரே ஆளுக்குள், ஒரே நேரத்தில்.

நரம்பு நேராகப் போகிறதா? போகிறது. டேவிட் ஃபெல்டனும் குழுவினரும் 1980-களில் மண்ணீரலிலும் நிணநீர்க் கணுவிலும் நோரட்ரினலின் நரம்பிழைகள் வெள்ளணுக்களை உரசி முடிவதை நுண்நோக்கியில் காட்டினார்கள். வேகஸ் நரம்பு வேறு வகை. அதன் இழைகளில் 100-க்கு 80 வயிறு, நெஞ்சிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. காய்ச்சலில் சோறு பிடிக்காமல் சுருண்டு படுப்பதில் இந்தச் செய்திக்கும் பங்குண்டு. திரும்பி வரும் வழியை கெவின் டிரேசி குழு 2000-ல் எலியில் காட்டியது. வேகஸைத் தூண்டினால் டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருள் குறைந்தது. பாதை சுற்றுவழி. மண்ணீரல் நரம்பு நோரட்ரினலினைச் சுரக்கும், அதை வாங்கும் ஒரு வகை டி-அணு (இதுவும் வெள்ளணுதான்) அசிட்டைல்கோலினைச் சுரக்கும், அது மேக்ரோஃபேஜ் என்ற கிருமி விழுங்கும் அணுவின் நிக்கோட்டின் ஏற்பியில் அமர்ந்து டி.என்.எஃப். உற்பத்தியைக் குறைக்கும். வேகஸ் மண்ணீரல் நரம்போடு சேரும் இடம் எது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனாலும் முடக்குவாதத்துக்காகக் கழுத்தில் பதிக்கும் வேகஸ் தூண்டி ஒன்றுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் அனுமதி கொடுத்துவிட்டது.

நிக்கோட்டின் ஏற்பி என்றதும் மண்டபத்தில் யாராவது "அப்போ புகையிலை போட்ட வெத்திலை நல்லதா?" என்பார்கள், தயாராக இருங்கள். புகைப்பவருக்கு முடக்குவாதம் வரும் வாய்ப்பு கூடுதல். புகையிலை வெத்திலையால் வாய்ப்புற்று. அந்த வாசல் வழியாக யாருக்கும் லாபமில்லை.

லேப், மோல்மேன்:

பேச்சைக் கேட்டுவிட்டு நாலு பேர் "கார்ட்டிசால் டெஸ்ட் எடுங்க" என்று லேபுக்கு வருவார்கள். அதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்: மன அழுத்தத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனை கிடையாது. கார்ட்டிசால் காலை 8 மணிவாக்கில் டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 5 முதல் 25 மைக்ரோகிராம் இருக்கும், நள்ளிரவில் அதில் சிறு பங்குதான். மத்தியானம் 2 மணிக்கு எடுத்த ஊசியின் எண்ணைக் காலை அளவோடு ஒப்பிட்டு "குறைவு" என்று பயப்படுவது வீண் வேலை. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு மொத்த கார்ட்டிசால் பொய்யாக ஏறித் தெரியும். கார்ட்டிசால் மாதிரி வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசலோன் சாப்பிட்டவருக்குப் பல கருவிகள் அதையும் கார்ட்டிசால் என்று எண்ணிவிடும். இன்னொரு ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் அப்படிச் சேராது, ஆனால் உடம்பின் சொந்த உற்பத்தியை அடக்குவதால் எண் தரைமட்டத்துக்குப் போகும். இளைஞர் ஒருவருக்குக் காலை 8 மணிக்கு 1 அல்லது 2 என்று வந்தால் நான் முதலில் கேட்பது "என்ன மாத்திரைப் பொட்டலம் சாப்பிடுறீங்க?" என்றுதான்.

சாதாரண இரத்த எண்ணிக்கையிலும் ஏமாற்றம் உண்டு. வெயிலில் சைக்கிள் மிதித்து, மூணு மாடி ஏறி வந்து உடனே கை நீட்டினால் வெள்ளணு ஏறித்தான் இருக்கும். 15 நிமிஷம் உட்கார வைத்துவிட்டு எடுக்க வேண்டும். ஸ்டீராய்டு போட்டு 4 முதல் 6 மணிநேரத்தில் வெள்ளணு வகைகளில் நியூட்ரோஃபில் ஏறும், லிம்ஃபோசைட்டும் ஈசினோஃபிலும் இறங்கும். பார்ப்பவர் கிருமித் தொற்று என்று ஆன்டிபயாடிக் எழுதிவிடுவார். கூடவே சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதத்தைப் பார்த்தால் கொஞ்சம் தெளியும். நெடுநாள் அழுத்தம் அதை லிட்டருக்கு ஓரிரு மி.கி. நகர்த்தலாம். பாக்டீரியா நிமோனியாவில் பல பத்து, நூறு என்று போகும். சி.ஆர்.பி. 60 இருப்பவரை "டென்ஷன்" என்று வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

மாலைவகுப்பு, ரங்கூன்:

நன்றி மாண்டலே சயா (வாத்தியார்), லேப் அண்ணனுக்கும். பொட்டலம் என்றதும் ஒரு கேள்வி. மூட்டுவலி, உடம்புவலி, சளி எல்லாவற்றுக்கும் கடையில் நாலைந்து நிற மாத்திரையைக் கலந்து கட்டித் தருகிறார்களே, அதில் ஸ்டீராய்டு இருந்தால் உடம்பைப் பொறுத்தவரை அதுவும் "மன அழுத்தம்" மாதிரிதானா?

மருந்தாளர், பெகு:

ஒரு வகையில் அதைவிட மோசம் தம்பி. கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரெட்னிசலோன் 5 மி.கி., டெக்ஸாமெத்தசோன் 0.75 மி.கி., ஹைட்ரோகார்ட்டிசோன் (கார்ட்டிசாலின் மருந்து வடிவம்) 20 மி.கி. மூன்றும் ஒரே பலம். அட்ரீனல் வேலை செய்யாதவருக்கு உடம்பின் தேவைக்கு ஈடாகக் கொடுப்பது ஹைட்ரோகார்ட்டிசோன் நாளுக்கு 15 முதல் 25 மி.கி. இப்போது பொட்டலத்துக்கு ஒரு 0.5 மி.கி. டெக்ஸா என்று வைத்து, மூணு வேளை சாப்பிட்டால் 1.5 மி.கி. அதாவது ஹைட்ரோகார்ட்டிசோன் கணக்கில் 40 மி.கி. உடம்பு ஒரு நாளைக்குச் சுரப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

உடம்பின் கார்ட்டிசால் காலையில் ஏறி இரவில் தாழும். அந்தத் தாழ்வில்தான் சில எதிர்ப்பு வேலைகள் நடக்கின்றன. டெக்ஸாவின் வேலை 36 முதல் 54 மணிநேரம் நீடிக்கும், ஆகவே இரவும் பகலும் ஒன்றாகிவிடும். சயா மேலே சொன்ன "காது கேட்காமை" இங்கே உங்களைக் காப்பாற்றாது. இந்த அளவில் எதிர்ப்புச் சக்தி நிஜமாகவே அடங்கும். ஆனால் வலி போகும், காய்ச்சல் இறங்கும், பசி எடுக்கும், அதனால் "அந்தக் கடைப் பொட்டலம் நல்லா கேட்குது" என்று பெயர் பரவும். காய்ச்சல் இறங்கியது, கிருமி போகவில்லை.

நம் ஊரில் இதனால் பயப்பட வேண்டியவை மூன்று. ஒன்று டி.பி. பிரெட்னிசலோன் நாளுக்கு 15 மி.கி. அல்லது அதற்கு மேல் ஒரு மாசம் போனால் உறங்கும் டி.பி. விழிக்கும் அபாயம் கூடும். இரண்டு சர்க்கரை, இருப்பவருக்கு எகிறும், எல்லையில் நிற்பவருக்கு வெளிப்படும். மூன்றாவது பலருக்குத் தெரியாதது. வயலில் வெறுங்காலோடு இறங்குபவர்களுக்குத் தோல் வழியாக ஏறும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற நூல் போன்ற புழு. அது குடலில் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். ஸ்டீராய்டு போட்டால் பெருகி நுரையீரல், இரத்தம் என்று பரவி ஆளையே கொல்லும். ஸ்டீராய்டு ஈசினோஃபிலை இறக்கிவிடுவதால் இரத்த எண்ணிக்கையிலும் துப்பு கிடைக்காது. நீண்ட நாள் ஸ்டீராய்டு தேவைப்படும் விவசாயிக்கு ஐவர்மெக்டின், கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், முன்கூட்டியே கொடுப்பது பற்றி மருத்துவரிடம் கேட்பது நல்லது.

பேச்சில் இதை மட்டும் அடிக்கோடிட்டுச் சொல்லுங்கள்: மூணு, நாலு வாரத்துக்கு மேல் பொட்டலம் சாப்பிட்டவர், உங்கள் பேச்சைக் கேட்ட சூட்டில் திடீரென்று நிறுத்தக்கூடாது. அட்ரீனல் தூங்கிப்போயிருக்கும். வாந்தி, தலைசுற்றல், இரத்த அழுத்தம் விழுதல், மயக்கம் என்று வந்தால் அது அட்ரீனல் நெருக்கடி, ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. ஊசி உடனே வேண்டும். முகம் நிலா மாதிரி உருண்டு, கை கால் மெலிந்து, தொட்டால் தோல் கன்றுகிறவர் யாராக இருந்தாலும் மீதிப் பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகட்டும். படிப்படியாகக் குறைப்பது அவர் கணக்கு.

கிளினிக் நர்ஸ், தட்டோன்:

மூன்று நோய் கேட்டீர்கள்.

அக்கி: சின்ன வயசில் வந்த சின்னம்மையின் வைரஸ் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடுகிறது. அதைக் காவல் காப்பது டி-அணுக்கள். காவல் தளர முதல் காரணம் வயசு, பிறகு சர்க்கரை, எச்.ஐ.வி., ஸ்டீராய்டு. கவலை அந்த வரிசையில் கடைசியில்தான் வரும். மனப்பயிற்சியால் அந்தக் காவலை மாற்ற முடியுமா என்றால், ஓரளவு. 2007-ல் வந்த ஆய்வொன்றில் 112 முதியவர்களில் ஒரு பகுதியினர் 16 வாரம் தை-சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சி செய்தபோது சின்னம்மை வைரஸுக்கு எதிரான வெள்ளணுக் காவல் உயர்ந்தது. ஆனால் கொப்புளம் வந்த பிறகு தை-சி இல்லை, மாத்திரை. முதல் கொப்புளத்திலிருந்து 72 மணிநேரத்துக்குள் அசைக்ளோவிர் 800 மி.கி., நாளுக்கு 5 தரம், 7 நாள். தண்ணீர் நிறைய. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு குறைக்க வேண்டும். காவி எழுதும் வழக்கம் நம்மவர்களிடம் போகாது, எழுதட்டும், உடைந்த கொப்புளத்தின் மேல் மட்டும் வேண்டாம். எழுத ஆள் தேடுவதில் அந்த 72 மணிநேரம் கரைவதுதான் நிஜமான நஷ்டம். மூக்கு நுனியில் கொப்புளம் என்றால் கண்ணுக்கு ஆபத்து, அன்றைக்கே கண் மருத்துவர். இளவயசில் பல இடத்தில் வந்தால் எச்.ஐ.வி., சர்க்கரை பாருங்கள்.

வயிற்றுப்புண்: ஹெலிகோபாக்டர் கிருமியைக் கண்டுபிடித்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005-ல் நோபல் கிடைத்ததிலிருந்து "கவலைக்கும் புண்ணுக்கும் சம்பந்தமே இல்லை" என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அதுவும் சரியில்லை. 1995 கோபே பூகம்பத்துக்குப் பிறகு இரைப்பைப் புண் கூடியது, பெரும்பாலும் கிருமி ஏற்கெனவே இருந்தவர்களுக்கு. 2025 மார்ச் 28 பூகம்பத்துக்குப் பிறகு மாண்டலே, சகாயிங் பக்கம் இருப்பவர்கள் இதை மனசில் வைக்கலாம். கிருமி, டைக்ளோஃபெனாக் மாதிரி வலிமாத்திரை, மன அதிர்ச்சி மூன்றும் சேரும் இடத்தில் இரத்தம் கசியும். மலப் பரிசோதனையில் கிருமி பார்ப்பதென்றால் அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோலை 2 வாரமும் ஆன்டிபயாடிக்கை 4 வாரமும் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். மலம் தார் மாதிரி கறுத்தால் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி.

டி.பி.: கவலையால் வராது, காற்றில் வரும். சர்க்கரை நோய் அதன் அபாயத்தை 2 முதல் 3 மடங்காக்கும். இரண்டு வாரம் தாண்டிய இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு என்றால் சளியை ஜீன்எக்ஸ்பெர்ட் என்ற டி.பி. பரிசோதனைக் கருவியில் பாருங்கள். "மகன் தாய்லாந்து போன ஏக்கத்தில் இளைச்சுட்டாங்க" என்று வீட்டில் சொல்லிக்கொண்டே மூணு மாசம் ஓடிவிடுகிறது. மன அழுத்தம் என்ற பெயரை, மற்றதெல்லாம் பார்த்து முடித்த பிறகு வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, புண் ஆறுவது. இதற்குச் சான்று நல்ல பலம். 1995-ல் மறதி நோயாளியைப் பராமரிக்கும் 13 பெண்களுக்கும், அந்தச் சுமை இல்லாத 13 பேருக்கும் கையில் 3.5 மி.மீ. அளவில் ஒரே மாதிரி சிறு புண் போட்டுப் பார்த்தார்கள். பராமரிப்பவர்களுக்கு ஆற 9 நாள் கூடுதல். அதனால் சர்க்கரைக்காரரின் கால்புண் ஆறவில்லை என்றால் அவர் வீட்டில் யாரை ராத்திரி கண்விழித்துப் பார்க்கிறார் என்றும் கேளுங்கள். நாலு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகச் சுருங்கவில்லை என்றால் வைத்தியத்தை மாற்ற வேண்டும்.

உடலியங்கியல், மாண்டலே:

"கவலைப்படாதீங்க"வுக்குப் பதிலாக என்ன சொல்வது என்றால், தூக்கம். மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் சான்று கனமாக இருக்கிறது. 2015-ல் 164 பேருக்கு மணிக்கட்டுக் கருவியால் தூக்கத்தை அளந்துவிட்டு மூக்கில் சளி வைரஸ் விட்டார்கள். 6 மணிநேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவருக்குச் சளி பிடித்தது, 7 மணிநேரம் தாண்டியவரைவிட 4 மடங்குக்கு மேல். 2002 ஆய்வில் இரவுக்கு 4 மணிநேரம் மட்டும் தூங்கவிட்டு ஃப்ளூ ஊசி போட்டார்கள். 10 நாள் கழித்து ஆன்டிபாடி மற்றவர்களில் பாதிகூட இல்லை. ஆகவே தடுப்பூசி வாரத்தில் கண்விழிக்க வேண்டாம். கரண்ட் இல்லாத புழுக்கத்தில் இரவு 5 மணிநேரம்தான் கிடைத்தது என்றால் மதியம் 3 மணிக்குள் 20, 30 நிமிஷம் படுக்கலாம். எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். கடைசி லப்பெயே (தேநீர்) மதியம் 2 மணிக்குள், அதிலுள்ள காஃபின் பாதியாகவே 5 மணிநேரம் வேண்டும்.

மூச்சு: மூக்கால் 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே, நிமிஷத்துக்கு 6 மூச்சு, 10 நிமிஷம். இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் கூடும், இரத்த அழுத்தம் கொஞ்சம் தணியும். பலர் செய்யும் தவறு ஆழமாக இழுப்பது. கரியமிலவாயு குறைந்து விரல் மரமரக்கும், தலை சுற்றும். மெதுவாக என்றால் மெதுவாக, நிறைய என்று அர்த்தமில்லை. முகத்தில் ஐஸ் தண்ணீர் அடித்து "வேகஸை ரீசெட்" செய்யும் வீடியோக்கள் சுற்றுகின்றன. துடிப்பு சில விநாடி குறையும், உண்மை. எதிர்ப்புச் சக்தி மாறியதாக அதிலிருந்து முடிவுகட்ட வழியில்லை. கழுத்து நாடியை அமுக்கிப் பார்ப்பதை மட்டும் தயவுசெய்து யாரையும் செய்ய விடாதீர்கள், வயசானவருக்குப் பக்கவாதம் வரை போகலாம்.

மாலைவகுப்பு, ரங்கூன்:

பொட்டலத்தையும் தூக்கத்தையும் முன்னால் வைத்து, மற்றதைப் பின்னால் தள்ளுகிறேன். கடைசியாக ஒன்று: மண்டபத்துக்கு வருபவர்களில் பாதிப்பேர் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள். அந்தப் பத்து நிமிஷ மூச்சை எல்லாரையும் அங்கேயே செய்ய வைக்கலாமா?

கிளினிக் நர்ஸ், தட்டோன்:

செய்யலாம், உட்கார்ந்தபடி. மாத்திரையை அதற்காக யாரும் குறைக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அட்டெனலால் சாப்பிடுபவர்களுக்கு நாடி ஏற்கெனவே 55, 60 என்றுதான் ஓடும், பயமில்லை. 50-க்குக் கீழே இருந்து தலையும் சுற்றினால் பயிற்சி வேண்டாம், மருத்துவரைப் பார்க்கட்டும். ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பு இருக்கும்போது இன்ஹேலர்தான், மூச்சுப் பயிற்சி இல்லை. முடிந்ததும் எல்லாரையும் ஒரே வீச்சில் எழுப்பாதீர்கள். ஒரு நிமிஷம் கால் விரலை அசைத்துவிட்டு, தூணையோ நாற்காலியையோ பிடித்து எழச் சொல்லுங்கள்.